நிலநடுக்கோட்டுப் பக்கம் பிறக்கும் புயல்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 நவம்பர் கடைசி வாரத்தில் மலாக்கா நீரிணையில் சென்யார் புயல் உருவானபோது பலரும் முதலில் கேட்ட கேள்வி, "அது நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் ஆச்சே, அங்கே எப்படிப் புயல் வரும்?" என்பதுதான். கேள்வி நியாயமானது. நிலநடுக்கோட்டிலிருந்து 5 டிகிரி அட்சத்துக்குக் கீழே புயல் உருவாகாது என்று பள்ளிக்கூடத்தில் ஒற்றை வரியில் படித்துவிட்டு வந்தவர்கள் நாம். ஆனால் அந்த ஒற்றை வரியை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு மழைக்காலத்தை எடைபோட்டால் உயிர்கள் போகும். சுமாத்திராவில் அந்த வாரம் தொடங்கிய வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே நாட்களில் இலங்கையைப் புரட்டிப்போட்ட டிட்வா புயலில் 600-க்கும் மேற்பட்டோர். காற்றின் வேகத்தை வைத்துப் பார்த்தால் இரண்டுமே பட்டியலின் கீழ்ப்படியில் இருக்கும் சாதாரணப் புயல்கள். அதனால்தான் இந்தப் புயல்களைப் பற்றி நம்மிடையே ஓடிக்கொண்டிருக்கும் தப்பான எண்ணங்களை எடுத்துப் போட்டுப் பேசவேண்டும் என்று தோன்றியது.

5 டிகிரியைச் சுவர் என்று நம்புவது

புயல் சுழல்வதற்குப் பூமியின் சுழற்சி உதவ வேண்டும். காற்று தாழ்வழுத்த மையத்தை நோக்கி நேராகப் பாய்ந்து பள்ளத்தை நிரப்பிவிடாமல், விலகி விலகிச் சுற்றிக்கொண்டே உள்ளே போக வைப்பது கொரியாலிஸ் விசை. துருவத்தில் அதன் அளவை 100 என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் அது சுமார் 22, கன்னியாகுமரியில் 14, 5 டிகிரியில் 9-க்குச் சற்றுக் குறைவு, சிங்கப்பூரில் 2 சொச்சம், நிலநடுக்கோட்டில் பூஜ்யம். எண்களை வரிசையாகப் பார்த்தாலே தெரியும், இது படிப்படியாகக் குறைகிறதே தவிர எந்த இடத்திலும் திடீரென்று அறுந்துவிடவில்லை. 5 டிகிரி என்பது நடந்த புயல்களைப் பார்த்து வைத்த தோராயக் கணக்கு. பெரும்பாலும் சரியாகவும் இருக்கிறது. ஆனால் 'பெரும்பாலும்' என்ற சொல்லைப் பாடப்புத்தகம் விட்டுவிட்டது, நாமும் விட்டுவிட்டோம்.

பூமி தரும் சுழற்சி குறைவாக இருக்கும் இடத்தில் காற்றே தன்னிடம் போதிய சுழற்சியோடு வந்தால் என்ன ஆகும்? இதற்கு 2001 டிசம்பரில் தென்சீனக் கடல் பதில் சொன்னது. குளிர்காலத்தில் போர்னியோ தீவின் வடமேற்குக் கரையை ஒட்டி ஒரு காற்றுச் சுழல் அடிக்கடி உட்கார்ந்திருக்கும். அது பாதி நேரம் நிலத்தின் மேலேயே கிடந்து ஓய்ந்துபோகும். அந்த ஆண்டு அது தென்மேற்கே நகர்ந்து நடுக்கடலுக்கு வந்துவிட்டது. அதே சமயம் ஆசியக் கண்டத்திலிருந்து கிளம்பிய குளிர்ந்த வாடை பலமாக, ஏறக்குறைய ஒரு வாரம் விடாமல் தெற்கே இறங்கியது. மலாய் தீபகற்பத்துக்கும் போர்னியோவுக்கும் நடுவே கடல் குறுகி சுமார் 500 கிலோமீட்டர் அகலத்துக்கு வந்துவிடுவதால் அந்தக் காற்றுக்கு ஒதுங்க வழியில்லை. சுழலின் மேற்குப் பக்கமாக வடக்கிலிருந்து பாய்ந்து, நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் கிழக்கே திரும்பி, மத்தைக் கயிறு இழுத்துச் சுழற்றுவது போல அந்தச் சுழலை இடஞ்சுழியாக முடுக்கிவிட்டது. டிசம்பர் 26 அன்று வாமெய் என்ற புயல் பிறந்தது. இடம் வடக்கே சுமார் 1.4 டிகிரி, அதாவது நிலநடுக்கோட்டிலிருந்து 155 கிலோமீட்டர் தூரம்தான். அதற்கு முன் இவ்வளவு கீழே உருவானதாகப் பதிவில் இருந்தது 1956-ல் பசிபிக்கில் தோன்றிய சாரா, அதுவும் 3.3 டிகிரியில்.

வாமெய் சின்னப் புயல், ஆனால் நோஞ்சான் இல்லை. அருகில் இருந்த அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் வினாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 140 கிலோமீட்டர் நிலையான காற்றைப் பதிவு செய்தன. மறுநாள் சிங்கப்பூருக்கு வடகிழக்கே சுமார் 60 கிலோமீட்டரில், ஜொகூர் மாநிலத்தில் கரையைக் கடந்தது. ஜொகூரிலும் பகாங்கிலும் வெள்ளம், குனோங் பூலாய் மலைப்பக்கம் மண்சரிவு, 5 பேர் மரணம்.

இந்தப் புயலை ஆராய்ந்தவர்கள் 2003-ல் ஒரு கணக்குச் சொன்னார்கள். போர்னியோ சுழல் சரியாகக் கடல் நடுவில் இருப்பது, வாடை அத்தனை நாள் நீடிப்பது, இரண்டும் சேர்ந்து வந்த பிறகும் சுழல் புயலாக முற்றுவது என எல்லாம் கூடிவர 100 முதல் 400 ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் வாய்ப்பு என்றார்கள். இதைத்தான் நம் ஆட்கள் இரண்டு விதமாகத் தப்பாகப் படிக்கிறார்கள். "2001-ல் வந்தாச்சு, இனி 2100 வரைக்கும் கவலையில்லை" என்பது ஒன்று. அந்தக் கணக்கு பேருந்து நேர அட்டவணை இல்லை, ஒவ்வொரு ஆண்டும் இருக்கும் சிறிய வாய்ப்பைத்தான் அப்படிச் சொல்கிறார்கள், அது அடுத்த ஆண்டும் அதே அளவு இருக்கும். இன்னொன்று, "24 வருஷத்தில் சென்யார் வந்துவிட்டது, அப்போ கணக்கே தப்பு" என்பது. சென்யார் வேறு கடலில், 5 டிகிரியை ஒட்டிய பகுதியில் உருவானது. வாமெய்க்குச் சொன்ன கணக்கை அதன் தலையில் கட்ட முடியாது.

வேறு கடல்களிலும் இது நடந்திருக்கிறது. 2004 நவம்பர் இறுதியில் அரபிக் கடலில் அக்னி புயல் 1.5 டிகிரி அளவுக்குக் கீழே இருந்தது. 2016 ஜனவரியில், பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ பலமாக இருந்த நேரத்தில், மத்தியப் பசிபிக்கில் பாலி சூறாவளி வலுவிழந்த நிலையில் 2 டிகிரி வரைக்கும் தெற்கே இறங்கியது. நம் வங்கக் கடலுக்கே வந்தால், 2019 ஏப்ரல் 26 அன்று ஃபானி முதன்முதலில் தாழ்வு மண்டலமாகக் குறிக்கப்பட்டது 3 டிகிரிக்கும் கீழே, சுமாத்திராவுக்கு மேற்கே. சுமாத்திராவின் நீளவாக்கு மலைத்தொடருக்கு இதில் பங்கு உண்டு. காற்று அந்த மலையில் முட்டி இரு முனைகளையும் சுற்றி வளையும்போது மறுபக்கம் சின்னச் சின்னச் சுழல்கள் கழன்று இந்தியப் பெருங்கடலுக்குள் போகின்றன. பெரும்பாலானவை கரைந்துவிடும், சில மட்டும் தங்கி வளரும்.

"கடல் சூடாயிடுச்சு, அதான்"

எந்தப் புயல் வந்தாலும் காரணமாக இதைச் சொல்லிவிட்டுப் போய்விடுவது வழக்கமாகிவிட்டது. புயலுக்குக் கடல்நீர் 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கவேண்டும் என்பது உண்மை. ஆனால் நிலநடுக்கோட்டுப் பக்கம் மலாக்கா நீரிணை, சுமாத்திராவை ஒட்டிய கடல் எல்லாம் ஆண்டு முழுக்க அதற்கு மேலேதான் இருக்கின்றன. வெப்பம் மட்டும் போதும் என்றால் அங்கே வாரம் ஒரு புயல் வந்திருக்க வேண்டும். அங்கே பஞ்சம் சுழற்சிக்குத்தான். அதனால் அந்த வட்டாரத்தில் ஒரு புயல் பிறந்தால் முதலில் கேட்கவேண்டியது, இந்தத் தடவை சுழற்சி எங்கிருந்து கிடைத்தது என்பதே.

காலநிலை மாற்றத்துக்குத் தொடர்பே இல்லை என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கும் ஈரம் ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். அதே சுழல், அதே வேகத்தில் வந்தாலும் கொட்டும் மழை முன்பைவிட அதிகமாக இருக்கும். மழையின் அளவைப் பற்றி இப்படித் தைரியமாகப் பேசலாம். ஆனால் ஒரே ஒரு புயல் நிலநடுக்கோட்டுப் பக்கம் பிறந்ததைக் காட்டி "இனி எல்லாம் அங்கேதான் பிறக்கும்" என்று சொல்வது அவசரம். செயற்கைக்கோள் கடலைப் பார்க்கத் தொடங்கியதே 1960-களில்தான். நூறாண்டுக்கு ஒன்று என்கிற அளவுக்கு அபூர்வமான ஒன்றில் போக்கு மாறுகிறதா என்று பார்க்க அந்தக் காலம் போதாது.

நிலநடுக்கோட்டு ஊர்களில் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டும் தண்ணீர் வேடிக்கையையும் சொல்லிவிட வேண்டும். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று ஓட்டைத் தொட்டியில் நீர் ஊற்றினால் ஒரு திசையில் சுற்றும், பத்தடி தள்ளிப் போனால் எதிர்த்திசையில் சுற்றும் என்று காட்டுவார்கள். அது ஊற்றுகிறவரின் கைவண்ணம். தொட்டி அளவில் கொரியாலிஸ் ஒன்றும் செய்யாது, அதற்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரமும் பல மணி நேரமும் வேண்டும். இந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு, கோட்டைத் தாண்டினால் புயல் உடனே திசை மாறிச் சுற்றும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். நிலநடுக்கோட்டைக் கடந்து மறுபக்கம் போய் உயிரோடு இருந்த புயல் என்று இதுவரை பதிவு எதுவும் இல்லை. சுழல்கள் பொதுவாகக் கோட்டைவிட்டு விலகிப் போகும் தன்மை உள்ளவை, தப்பித்தவறிக் கடந்தாலும் மறுபக்கத்தின் கொரியாலிஸ் அதன் சுழற்சிக்கு எதிராகத்தான் வேலை செய்யும்.

சில சமயம் கோட்டின் இருபுறமும் இரண்டு சுழல்கள் ஒரே நேரத்தில் தெரியும். 2022 மே மாதத்தில் வடக்கே அசானி, தெற்கே கரீம் என்று இரண்டு புயல்கள் இந்தியப் பெருங்கடலில் இருந்தன. நிலநடுக்கோட்டின் மேல் மேற்கிலிருந்து பலமான காற்று வீசும்போது அதன் வடக்கே இடஞ்சுழியாகவும் தெற்கே வலஞ்சுழியாகவும் சுழல்கள் கிளம்புவதால் வரும் இரட்டையர்கள் இவர்கள். ஒரு புயல் இரண்டாக உடைந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது.

காற்றின் வேகத்தை மட்டும் பார்ப்பது

என் கணக்கில் எல்லாத் தவறுகளிலும் ஆளைக் கொல்லும் தவறு இதுதான். நம் வானிலைத் துறையின் வகைப்பாடு முழுக்கக் காற்று வேகத்தை வைத்தது. மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டினால் புயல், 89-ஐத் தொட்டால் தீவிரப் புயல், அப்படியே மேலே போகும். கப்பலுக்கும் துறைமுகத்துக்கும் கடற்கரை ஊருக்கும் இது சரியான அளவுகோல். மலையடிவாரத்தில் இருப்பவருக்கு இதில் கிடைக்கும் தகவல் மிகக் குறைவு, ஏனென்றால் மழை எவ்வளவு என்பது அந்தப் பெயரிலேயே இல்லை.

சென்யார் சுமாத்திராவின் வடகிழக்கில் கரையேறியது. அதன் காற்றைப் பற்றி யாரும் பேசவில்லை, பேச ஒன்றும் பெரிதாக இருக்கவில்லை. ஆனால் அது மெதுவாக நகர்ந்தது, கடல் ஈரத்தை விடாமல் இழுத்துச் சுமாத்திராவின் மலைத்தொடர் மீது மோதவிட்டது. மலையில் ஏறும் காற்று குளிர்ந்து மழையாகக் கொட்டும், அதுவும் அதே சரிவில் மணிக்கணக்காக. ஏற்கெனவே பல நாள் மழையில் ஊறிக் கிடந்த மண் அது. காடு அழிக்கப்பட்ட சரிவுகளிலிருந்து மண்ணோடு மரத்துண்டுகளும் இறங்கின. வெள்ளம் வடிந்த பிறகு ஆற்றங்கரைகளிலும் ஊருக்குள்ளும் கடற்கரையிலும் அடுக்கிவைத்தது போல மரக்கட்டைகள் குவிந்து கிடந்த படங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பாலத்தில் வந்து முட்டிய கட்டைகள் அடைத்துக்கொள்ள, தேங்கிய நீர் பாலத்தையே பெயர்த்துக்கொண்டு போகும். காற்று வேகம் எத்தனை என்று கேட்டுக்கொண்டிருந்தால் இதில் எதுவும் கண்ணில் படாது.

வரைபடத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பாதிக்கப்பட்ட மூன்று மாகாணங்களில் மேற்கு சுமாத்திராவும் ஒன்று. நிலநடுக்கோடே அந்த மாகாணத்தின் குறுக்கே, பொன்ஜோல் ஊர் வழியாகப் போகிறது. மிக மோசமாக அடிபட்ட அகாம் மாவட்டம் கோட்டுக்குத் தெற்கே இருக்கிறது. புயலின் மையம் அங்கிருந்து சில நூறு கிலோமீட்டருக்கு அப்பால், கோட்டுக்கு வடக்கே. புயல் கோட்டைத் தாண்டாது என்பது மையத்துக்குப் பொருந்தும், மழை மேகத்துக்குப் பொருந்தாது. மையப்புள்ளி எங்கே என்று மட்டும் பார்த்துவிட்டு "நமக்கு ரொம்ப தூரம்" என்று முடிவு கட்டுவது இதனால்தான் தப்பு.

இலங்கையிலும் கதை ஏறக்குறைய இதுவே. டிட்வா தீவின் தென்கிழக்கே மிக அருகில் பெயர் பெற்று, தீவின் மேலேயே ஊர்ந்து போனது. கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில் மலைச்சரிவுகள் வழுக்கின. மலையகத் தோட்டங்களில் லயன் வீடுகள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், எங்கே கட்டப்பட்டிருக்கின்றன என்பதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சரிவின் கீழே, ஓடையின் ஓரத்தில், வேறு எதற்கும் உதவாது என்று விடப்பட்ட இடங்களில் கட்டியவை பல. அங்கே வாழ்பவர்களுக்குப் புயலின் வகை என்ன என்ற செய்தியைவிட, "மண் ஏற்கெனவே ஊறியிருக்கிறது, இன்றிரவு மேலும் கனமழை, இந்தச் சரிவை விட்டுக் கிளம்புங்கள்" என்ற செய்திதான் பயன்படும்.

அப்புறம் "வலுவிழந்தது" என்ற சொல். டிட்வா தமிழகக் கரையோரமாக வடக்கே வந்து சென்னைக்கு அருகில் வலு குறைந்து நின்றபோது, புயல் புஸ்ஸென்று போய்விட்டது என்று நிறையப் பேர் எழுதினார்கள். டிசம்பர் தொடக்கத்தில் அதே மிச்சம்தான் சென்னையையும் திருவள்ளூரையும் மழையில் முக்கி எடுத்தது. வலுவிழப்பது காற்று. நகராமல் நின்றுவிட்ட ஒரு தாழ்வு மண்டலம் ஓடிப்போகும் புயலைவிட அதிக மழை தரும், இதை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் எத்தனையோ தடவை பார்த்துவிட்டோம்.

பெயர் வைக்கட்டும் என்று காத்திருப்பது

2017-ல் ஒக்கி நடந்த விதத்தைத் தேதிவாரியாகப் பார்த்தால் போதும். நவம்பர் 29 காலையில் இலங்கையை ஒட்டி ஒரு தாழ்வு மண்டலம். 30 அதிகாலையில் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். அன்று காலையே குமரிக்கடலில் புயல், பெயரும் வைத்தாயிற்று. ஒரே நாள். அந்த நேரத்தில் கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற ஊர்களைச் சேர்ந்த பல நாள் ஆழ்கடல் மீன்பிடிப்புக்காரர்கள் எப்போதோ கடலுக்குள் போய்விட்டிருந்தார்கள். கைபேசி சிக்னல் கரையிலிருந்து சில கிலோமீட்டரில் செத்துப்போகும். சேதி கரையில் இருந்தது, ஆட்கள் கடலில் இருந்தார்கள். குமரியிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். அந்த ஊர்களில் இன்றும் அதன் வலி ஆறவில்லை.

ஒக்கி உருவானது 7, 8 டிகிரியில், வாமெய் அளவுக்குக் கீழே இல்லை. ஆனால் தாழ்ந்த அட்சங்களில் உருவாகும் அமைப்புகளுக்கு உள்ள ஒரு குணத்தை அது காட்டியது. அவை சில நேரம் சின்னதாக இருக்கும், சின்னதாக இருப்பதால் மளமளவென்று முறுக்கேறிவிடும். அதனால் கடலுக்குப் போகிறவர்கள் 'புயல்' என்ற சொல் வரும்வரை காத்திருக்கவே கூடாது. தாழ்வு மண்டலம் என்றாலே மணிக்கு 50 கிலோமீட்டர் வரை காற்று, கொந்தளிக்கும் கடல். துறைமுகத்தில் 1-ஆம் எண் கூண்டு ஏற்றியதும் "ஒன்றுதானே" என்று அலட்சியமாகச் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். அது கடலில் தொலைவில் ஏதோ உருவாகியிருக்கிறது என்பதற்கான அடையாளம், ஏற்கெனவே தொலைவில் இருக்கும் படகுக்கு அதுவே பெரிய செய்தி. ஒக்கிக்குப் பிறகு, 2019-ல் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை வாங்கும் ஜெமினி கருவி வந்தது. நல்ல முயற்சிதான். ஆனால் அதில் சேதி வாங்க மட்டும்தான் முடியும், திருப்பிச் சொல்ல முடியாது என்பதைக் கடலுக்குப் போகும் முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அஞ்சு நாள் முன்பே ஊரை முடிவு செய்வது

கீழே பிறக்கும் புயலுக்குக் கரை சேர நீண்ட தூரம் இருக்கிறது. நீண்ட தூரம் என்றால் வெதுவெதுப்பான கடலில் அதிக நாள், வலுக்க அதிக நேரம், திசை மாற அதிக வாய்ப்பு. ஃபானியை நினைத்துப் பாருங்கள். 2019 கோடையில் சென்னை குடிநீருக்குத் தவித்துக்கொண்டிருந்தது. ஃபானி வடமேற்கே தமிழகக் கரையை நோக்கி வருவது போலத் தெரிந்ததும் ஊரே அதை மழையாக எதிர்பார்த்தது. அது கரைக்கு வராமல் வளைந்து வடக்கே திரும்பி, மே 3 அன்று ஒடிசாவின் பூரி அருகே அதிதீவிரப் புயலாகக் கரையைக் கடந்தது. அங்கே 10 லட்சத்துக்கும் மேற்பட்டோரை முன்கூட்டியே வெளியேற்றியதால்தான் உயிர்ச்சேதம் நூறைத் தாண்டவில்லை. 1964-ல் தனுஷ்கோடியை அழித்த புயலும் தெற்கு அந்தமான் கடலில், 5 டிகிரியை ஒட்டித் தோன்றி, ஒரு வாரம் கடலிலேயே வளர்ந்து வந்ததுதான். சென்யாரோ சுமாத்திராவில் கரையேறிய பிறகு, நாம் பழகிய வழக்கத்துக்கு மாறாகக் கிழக்கே திரும்பி மலேசியத் தீபகற்பத்தின் பக்கம் போனது. நிலநடுக்கோட்டுப் பக்கம் காற்றுகள் மெல்லியதாகவும் குழப்பமாகவும் இருக்கும்போது புயலை இழுத்துச் செல்ல உறுதியான ஓட்டம் இருக்காது, கணினி மாதிரிகள் ஆளுக்கொரு பாதை வரையும். அதில் பயமுறுத்தும் ஒரு படத்தை மட்டும் பிடுங்கி 10 நாள் முன்பே பரப்புவது அநியாயம்.

வானிலையில் ஆர்வமுள்ளவர்கள் அதிகம் செய்யும் இன்னொரு தப்பு, வரைபடத்தில் ஒரே காற்றழுத்தம் உள்ள இடங்களை இணைக்கும் அழுத்தக் கோடுகளைத் தேடுவது. சென்னை அட்சத்தில் வட்டமாக மூடிய அழுத்தக் கோடு தெரிந்தால் சுழல் இருக்கிறது எனலாம். நிலநடுக்கோட்டுப் பக்கம் காற்றுக்கும் அழுத்தத்துக்கும் உள்ள அந்தப் பிடிப்பே தளர்ந்துபோகிறது, நல்ல சுழல் இருந்தும் அழுத்த வரைபடம் வெறிச்சென்று கிடக்கலாம். அங்கே வேலை செய்கிற முன்னறிவிப்பாளர்கள் காற்று எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டும் காற்றோட்டக் கோடுகளைத்தான் பார்ப்பார்கள். கைபேசியில் உள்ள அழுத்தமானியைப் பார்த்து "மாலைக்குள்ள 3 மில்லிபார் குறைஞ்சிடுச்சு" என்று பதறுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெப்பமண்டலத்தில் அழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்கும். காலை 10, இரவு 10 வாக்கில் உச்சம், மாலை 4, அதிகாலை 4 வாக்கில் தாழ்வு, வித்தியாசம் 2, 3 மில்லிபார். அதனால் இன்று மாலை 4 மணி அளவை நேற்று மாலை 4 மணி அளவோடு ஒப்பிடுங்கள்.

"எங்க தாத்தா காலத்துலேயே வந்ததில்ல"

பிலிப்பைன்ஸின் தெற்கில் மிந்தனாவோ தீவு இருக்கிறது. புயல்கள் பெரும்பாலும் அதற்கு வடக்கேதான் போகும், அதனால் புயல் என்பது அங்கே அடுத்த ஊர்க்காரர் பிரச்சினை. 2011 டிசம்பரில் வாஷி வந்தது. காற்று பெரிதாக இல்லை. நள்ளிரவில் காகயான் டி ஓரோ, இலிகான் நகரங்களில் ஆறு பெருகித் தூங்கிக்கொண்டிருந்தவர்களை அடித்துப் போனது, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏறக்குறைய ஓராண்டு கழித்து 2012 டிசம்பர் 4 அன்று போஃபா. இது நிலநடுக்கோட்டிலிருந்து 4 டிகிரிக்குள் கருக்கொண்டு, 7 டிகிரி சொச்சத்திலேயே மிக உயர்ந்த ஐந்தாம் வகை வலுவை எட்டிய புயல். நியூ பதான் ஊரின் ஆண்டாப் கிராமத்தில் மலையிலிருந்து பாறையும் சேறும் கலந்து இறங்கி, ஒதுங்குவதற்காக மக்கள் கூடியிருந்த இடங்களையும் சேர்த்து மூடியது. தங்குமிடம் எங்கே என்று முடிவு செய்தவர்கள் காற்றையும் ஆற்றுநீரையும் நினைத்தார்கள், மலை இறங்கி வரும் என்று நினைக்கவில்லை. ஒரு தலைமுறையின் ஞாபகம் 60, 70 ஆண்டுகள். நூறாண்டுக்கு ஒரு முறை வரும் ஒன்று அந்த ஞாபகத்தில் இல்லாமல் இருப்பதில் வியப்பில்லை, அதை ஆதாரமாக எடுத்துக்கொள்வதுதான் கூடாது.

கடைசியாக, யாருடைய அறிக்கையைப் பார்ப்பது என்ற குழப்பம். வட இந்தியப் பெருங்கடலில் 100 டிகிரி கிழக்குத் தீர்க்கம் வரை பெயர் வைப்பது டெல்லி, அதற்குக் கிழக்கே டோக்கியோ, நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இந்தோனேசியக் கடலுக்கு ஜகார்த்தா. சென்யாருக்கு டெல்லியும் வாமெய்க்கு டோக்கியோவும் பெயர் வைத்தது இதனால்தான். ஒரே புயலுக்கு இரண்டு வேகம் சொல்கிறார்களே என்றால், அமெரிக்கா 1 நிமிடச் சராசரி, இந்தியா 3 நிமிடம், ஜப்பான் 10 நிமிடம். வாமெய்யை அமெரிக்கக் கடற்படை மையம் முழுச் சூறாவளி என்றது, ஜப்பான் அதைவிடக் கீழே வைத்தது. இதில் யாரும் மறைக்கவோ ஊதிப் பெரிதாக்கவோ இல்லை. சிங்கப்பூரிலோ ஜொகூரிலோ பினாங்கிலோ இருக்கும் நம்மவர்கள் புயலின் பெயரை எங்கிருந்து வேண்டுமானாலும் தெரிந்துகொள்ளுங்கள், வீட்டை விட்டுக் கிளம்புவதா இல்லையா என்பதை மட்டும் உங்கள் நாட்டு வானிலை நிலையத்தின் மழை எச்சரிக்கையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தமிழகத்தில் இருப்பவர்கள் இந்திய வானிலைத் துறையின் அறிக்கையில் மேலே இருக்கும் பாதைப் படத்தோடு நிறுத்திவிடாமல் கீழே வரை படியுங்கள். மாவட்டவாரியாக மழை எவ்வளவு, எந்த நாளில் என்பது அங்கேதான் இருக்கும், அதற்கும் கீழே எந்தக் கடல் பகுதிக்கு எந்தத் தேதி வரை போகக் கூடாது என்று மீனவர்களுக்கான பத்தி இருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் அந்தப் பத்தியை, அறிக்கை வெளியான நேரத்தோடு சேர்த்து அனுப்புங்கள். அறிக்கை சில மணி நேரத்துக்கு ஒரு முறை மாறும், நேரமில்லாத அறிக்கையை நம்பிப் படகை எடுக்க முடியாது.